லொரெட்டா சொல்லிக்கொடுத்த பதினைந்து வார்த்தைகள்

கிராஃப்டன் ஃபெரி ஊரில் வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடப் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியவர்கள் அவர்களைக் கூறு போடுவார்கள். கூறு போடும் இடம் ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும் ஓல்கா டைனரின் ஜன்னலோர மேசை. டீம் ஜெயித்தாலும் கூறு உண்டு, தோற்றாலும் உண்டு. தோற்ற வாரத்தில் முட்டையும் பன்றி இறைச்சியும் கூடுதலாக ஒரு தட்டு போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

காலுக்கு அதிகம் வேலையில்லாத கால்பந்து அது. கையால் வீசுவதும் தோளால் இடிப்பதும்தான் ஆட்டம். பந்தை வீசுகிறவன் குவார்ட்டர்பேக். கல்யாண வீட்டில் எது கெட்டாலும் பெண்வீட்டார் தலையில் விழுகிற மாதிரி, டீமில் யார் சறுக்கினாலும் பழி அவன் தலையில்தான் விழும்.

மேசையில் மூன்று பேர். வெர்ன் ஹெஸ்லர் டயர் கடை வைத்திருப்பவர், டீமின் ஆதரவாளர் சங்கத் தலைவர். பையன்களின் சட்டையிலிருந்து ஸ்கோர் பலகை வரை சங்கம் வாங்கிக் கொடுத்தது. ஆகவே பையன்களும் சங்கத்தின் சொத்து என்று நினைப்பவர். டாம் பெட்ராக்கா எஃகு ஆலை மூடும்வரை அதில் வேலை பார்த்தவர். அவர் வாயில் எப்போதும் ஒரு தேள் குடியிருக்கும். ஸ்கிப் லாண்டர்ஸ் எழுபத்தொன்பதாம் வருடத்துக் குவார்ட்டர்பேக். அந்த வருடம் டீம் மாநில அரையிறுதி வரை போனது. அதற்குப் பிறகு ஸ்கிப் எங்கேயும் போகவில்லை.

இந்த மூன்று பேருக்கும் பத்தொன்பது வருடமாகக் காபி ஊற்றுகிறவள் லொரெட்டா கோவாச். இந்த ஆகஸ்டிலிருந்து அவர்கள் கூறு போடுவது அவளுடைய மகனை. கோல்பிக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் நம்பர் சட்டை.

அன்று அக்டோபர் முதல் சனிக்கிழமை. முந்தின நாள் கடைசி நிமிஷத்தில் கோல்பி வீசிய பந்தை எதிராளி பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான். மூன்று புள்ளியில் தோல்வி.

"அந்தக் கடைசிப் பந்த யாருக்குய்யா வீசுனான்?" என்றார் வெர்ன்.

"கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்லாத பிள்ளை," என்றார் டாம். "எதிராளி கை நீட்டுனான், இவன் குடுத்துட்டான்."

"எழுபத்தொன்பதுல எங்க கோச் என்ன சொல்வாருன்னா..." என்று ஸ்கிப் ஆரம்பித்தார்.

"அந்தப் புராணத்த அப்புறம் வெச்சுக்க," என்றார் வெர்ன். "பெஞ்சுல ஒரு பீரங்கி துருப்பிடிச்சுக் கெடக்கு. அந்த ஜேஸ். நேத்து ஆட்டம் தொடங்குறதுக்கு முந்தி சும்மா எறிஞ்சு பாத்தான். அறுவது கஜம், நின்ன எடத்துலேர்ந்து."

"பத்தாங்கிளாஸ்யா அவன். இன்னும் மீச மொளைக்கல," என்றார் டாம்.

"மீசையாலயா பந்து வீசறாங்க? கோச்சுக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருந்தா வர்ற வெள்ளிக்கிழம ஜேஸ்தான் எறங்கணும். கோவாச் பையன் உக்காரட்டும்."

"இவன் அப்பன் பாதியில விட்டுட்டு ஓடுனான்," என்றார் டாம். "பையன் ஓடறதுக்குள்ள நாமளே உக்கார வெச்சிரணும்."

லொரெட்டா அப்போது மேசைக்கு இரண்டடி தள்ளி, காபிக் கூஜாவோடு நின்றிருந்தாள். அவர்கள் குரலைத் தணிக்கவில்லை. வெர்ன் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா லொரெட்டா. பையன் தங்கமான பையன். நாங்க ஆட்டத்தப் பத்தித்தான் பேசறோம்."

"நான் காபியப் பத்தித்தான் பேசறேன், வெர்ன். ஊத்தவா வேண்டாமா?"

ஊற்றினாள். இந்த மூன்று பேருக்கும் முட்டை எப்படி இருக்க வேண்டும், ரொட்டி எவ்வளவு கருக வேண்டும், டாமுக்கு எந்த மாத்திரையோடு தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் நோட்டில் எழுதுவதே கிடையாது. ஒன்பது மேசை ஆர்டரையும் ஆட்களின் முகத்தோடு சேர்த்து மனதில் வைத்துக்கொள்வாள். இத்தனையும் நினைவில் வைத்திருக்கிறவளுக்கு ஒரு மகன் இருப்பது மட்டும் அவர்கள் நினைவில் நிற்பதில்லை.

ஆட்டமும் அவளுக்கு அவர்களைவிட நன்றாகவே தெரியும். ஆறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தவள். பள்ளியில் படிக்கும்போது பேண்டு குழுவில் பித்தளைத் தாளம் தட்டிக்கொண்டே ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவள். கோல்பியின் அப்பா ராண்டியையும் அந்த மைதானத்தில்தான் பிடித்தாள், அல்லது பிடித்துக்கொண்டதாக நினைத்தாள். ராண்டி எண்ணெய்க் கிணற்று வேலைக்கு டகோட்டா பக்கம் போனான், போனவன் போனவன்தான்.

முந்தின நாள் ஆட்டத்தில் அந்தக் கடைசி வீச்சுக்கு முன்னால் என்ன நடந்தது என்று அவள் பார்த்திருந்தாள். கோல்பியைக் காக்க முன்வரிசையில் நின்ற ஒருவன் சறுக்க, எதிர் டீம் ஆள் ஒருவன் தடையில்லாமல் ஓடி வந்து கோல்பியைத் தூக்கிப் போட்டான். தலையின் பின்பக்கம் தரையில் மோதியது. எழுந்துவிட்டான். ஆனால் எழுந்தவன் முகவரி தொலைத்தவன் போல ஒரு கணம் சுற்றிலும் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கணத்தில் மேசைக்காரர்கள் மூன்று பேரும் கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது, கோல்பியைப் பார்க்க. பெரிய பேர் பெற்ற கல்லூரி இல்லை. ஆனால் சேர்த்துக்கொண்டால் நாலு வருடப் படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. ஆலை மூடிய ஊரில் பதினேழு வயதுப் பையனுக்கு முன்னால் இருப்பது டயர் கடை, அல்லது அப்பன் போன டகோட்டா. மூன்றாவதாக ஒரு கதவு திறக்கப் போகிறது என்று இரண்டு மாதமாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். கண் பட்டுவிடும் என்ற பயம்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்பக்கச் சந்தில் காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனாள். கோல்பி திரைச்சீலை எல்லாவற்றையும் இழுத்துவிட்டுச் சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தான். தரையில் ஒரு வாளி. அதில் வாந்தி.

"எத்தன தடவ?"

"ரெண்டு. கத்தாதம்மா."

அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டிருந்தாள்.

"நேத்து எத்தன பாயிண்ட்ல தோத்தோம்?" என்றான்.

"மூணு."

தண்ணீர் குடித்தான். படுத்தான். "அம்மா, நேத்து எத்தனைல தோத்தோம்?"

ஆகஸ்டில் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், எல்லா அம்மா அப்பாவும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியது. தலையில் அடிபட்டால் என்னென்ன குறி தெரியும் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. வாந்தி, வெளிச்சம் பொறுக்காமை, கேட்டதையே கேட்பது. லொரெட்டா அதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். பிறகு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். தெரியாது என்ற பொய்யைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள மட்டும் அவளால் முடியவில்லை.

"எந்திரி. செருப்பப் போடு. ஆஸ்பத்திரி போறோம்."

"போனா ரெண்டு வாரம் உக்கார வெச்சிருவாங்க. டாக்டர் கையெழுத்துப் போட்டாத்தான் மறுபடி ஆட விடுவாங்க. அந்தக் காலேஜ் ஆளு இந்த வெள்ளிக்கிழம வர்றாரும்மா."

"வரட்டும். எந்திரி."

அந்த நேரத்தில் அவள் சரியான தாயாகத்தான் இருந்தாள். சாவியை எடுத்தாள். அவன் பின்பக்கப் படி இறங்கிச் சிரமப்பட வேண்டாம், காரை முன்பக்கம் கொண்டுவருவோம் என்று முதலில் வாசல் கதவைத் திறந்து வைக்கப் போனாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

அந்த ஊரில் ஆடுகிற பையன் ஒவ்வொருவன் வீட்டு வாசல் புல்லிலும் அவன் பேரும் நம்பரும் எழுதிய பலகை நடுவார்கள். அம்மாமார் சேர்ந்து வர்ணம் அடிப்பது. கோச் தொடர்ந்து தோற்றால் அவர் வீட்டுப் புல்லில் வேறொரு பலகை முளைக்கும்: வீடு விற்பனைக்கு. மூட்டையைக் கட்டு என்று பொருள். முன்பு இரண்டு கோச்சுகள் அப்படித்தான் ஊரைவிட்டுப் போனார்கள். இன்றைக்கு அது கோல்பியின் பன்னிரண்டாம் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு பையன் வீட்டில் அதை நட்டது இதுதான் முதல் தடவை.

எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்களோ. லொரெட்டா புல்லில் இறங்கி, இரண்டு கையாலும் பலகையைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து உடைக்கப் பார்த்தாள். உடையவில்லை. குப்பைத் தொட்டியில் தலைகீழாகச் சொருகினாள். காலையில் விழுங்கிய அத்தனை காபிப் பேச்சும் நெஞ்சுக்கு ஏறியது. உட்கார வைக்கப் பார்க்கிறார்களா? உட்காரமாட்டான். அவள் உள்ளே போய்ச் சாவியை ஆணியில் மாட்டினாள்.

கோல்பி ஒரு கையால் கண்ணை மறைத்தபடி பார்த்தான்.

"திங்கக்கிழம கெல்சி என்ன கேப்பா?" என்றாள்.

கெல்சி பள்ளி டீமில் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். இருபத்தைந்து வயது, வேலைக்கு வந்து இரண்டு வருடம். ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் தன்னை வந்து பார்க்கும்படி கோல்பிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். தலையில் அடிபட்டவனின் நினைவைச் சோதிக்க அவள் கேட்பது ஐந்து வார்த்தைகள். ஒரு தரம் சொல்லுவாள். திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்சநேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு மறுபடியும் கேட்பாள். அப்புறம் மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வாள். அவளிடம் இருப்பது மூன்றே தாள், தாளுக்கு ஐந்து வார்த்தை. மூன்றையும் பெரிய வகுப்புப் பையன்கள் போன வருடமே போட்டோ எடுத்து, ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குச் சீதனம் போலக் கொடுத்து வந்தார்கள். கெல்சிக்கு மட்டும் அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையலறை மேசையில் பாடம் நடந்தது. கோல்பிக்கு எழுத்தைப் பார்த்தாலே தலை வலித்தது. ஆகவே லொரெட்டா வாயால் சொன்னாள். முதல் தாளில் மெழுகுவர்த்தி, கயிறு, எலுமிச்சை, ஏணி, குடை. மூன்றாவது வார்த்தைக்கு மேல் அவனுக்குப் போகவில்லை.

"வார்த்தைய நெனைக்காத. ஆள நெனை," என்றாள். "உன் முன்னாடி அஞ்சு தடியனுங்க நிக்கிறானுங்கல்ல, வரிசையா? எடது ஓரத்துல நிக்கிறவன் கையில மெழுகுவர்த்தி. அடுத்தவன் இடுப்புல கயிறு. நடுவுல நிக்கிற குண்டன் வாயில எலுமிச்ச."

கோல்பி சிரித்தான். சிரித்ததில் தலை வலித்து முகத்தைச் சுளித்தான். "அவன் சாப்புட்டுருவான்மா."

"சாப்பிட்டா சாப்பிடட்டும். அடுத்தவன்?"

"தோள்ல ஏணி. கடைசி ஆளுக்குக் குடை."

"மறுபடி சொல்லு."

ஒன்பது மேசை ஆர்டரை அவள் நினைவில் வைத்த வித்தை அது. பத்தொன்பது வருடத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சாயங்காலத்துக்குள் பதினைந்து வார்த்தையும் அவனுக்கு வந்துவிட்டது, மாதங்களும் வந்துவிட்டன. கடைசித் தாளைத் தடுமாறாமல் ஒப்பித்தபோது அவள் மேசையைத் தட்டி, அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் குமட்டும்.

திங்கட்கிழமை மத்தியானம் டைனருக்கு போன் வந்தது. கெல்சி.

"கோல்பி எல்லாத்தயும் கரெக்டா சொல்லிட்டான், மிஸஸ் கோவாச். ஆனா எனக்கென்னவோ மனசு ஒப்பல. அந்த அடி மோசமான அடி. வீட்ல எதாவது கவனிச்சீங்களா? தலவலி, வாந்தி, அந்த மாதிரி?"

"ஒண்ணுமில்லையே. நல்லா சாப்புடறான், நல்லா தூங்கறான்."

"நெஜமாவா?"

"எம்புள்ளைய நான் பாக்க மாட்டனா?"

"சரிங்க. கூட இருக்குறவங்க நீங்க. நீங்க சொன்னா சரிதான்."

வெள்ளிக்கிழமை வந்தது. கல்லூரிக்காரர் மேல் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். கோல்பி முதல் பாதியில் மூன்று பந்து வீசினான். மூன்றும் ஊசியில் நூல் கோத்த மாதிரி போய் விழுந்தன. ஊரே எழுந்து நின்றது. இரண்டு வரிசை கீழே வெர்ன் ஹெஸ்லர் தொப்பியைச் சுழற்றி, "கோவாச்! கோவாச்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டு லொரெட்டாவின் கண் நிறைந்தது. பார், இவனையா உட்கார வைக்கப் பார்த்தாய் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் விழுந்த அடி பெரிய அடிகூட இல்லை. ஓடிவந்தவன் பாதி வேகத்தில்தான் வந்தான், தோள்தான் பட்டது. வேறு நாளாக இருந்தால் கோல்பி எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டிருப்பான். எழவில்லை. முதலில் ஓடியவள் கெல்சி. பிறகு கோச். பேண்டு வாசிப்பு நின்றது. ஆம்புலன்ஸ் புல்லின்மேல் ஏறி வந்தபோது லொரெட்டா வேலி தாண்டி உள்ளே போயிருந்தாள். எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். பதினோரு நாள் கண் விழிக்கவில்லை. விழித்தவன் பழைய கோல்பி இல்லை. வலது கை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. வார்த்தை தேடித் தேடிப் பேசுகிறான். கிடைக்காவிட்டால் கையில் இருப்பதை எறிகிறான். ஒரு வரி படித்து முடிப்பதற்குள் முதல் வார்த்தை போய்விடுகிறது. இன்னும் தேறலாம், ஆனால் எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார்கள். தலையை எடுத்த ஸ்கேன் படத்தில் பழைய ரத்தக் கசிவும் தெரிந்தது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். முன்னால் ஏதாவது அடிபட்டதா, வீட்டில் ஏதாவது கவனித்தீர்களா என்று கேட்டார். லொரெட்டா இல்லை என்று தலையாட்டினாள்.

ஊர் நல்ல ஊராக மாறிவிட்டது. மாதா கோவில் பலகையில் கோல்பிக்காகப் பிரார்த்தனை என்று எழுத்து. பையன்கள் எல்லோர் ஹெல்மெட்டிலும் பன்னிரண்டு என்று ஒட்டு. வாசலில் தினம் ஒரு வீட்டுப் பாத்திரம், மூடிபோட்டு. புதன்கிழமை தோறும் சிகிச்சைக்கு ஒன்றரை மணிநேரம் காரோட்டி அவர்களைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவர் வேறு யாருமில்லை, வெர்ன் ஹெஸ்லர். வழியில் ரேடியோகூடப் போடமாட்டார், பையனுக்குச் சத்தம் ஆகாதென்று. திட்டியபோது அவரை வெறுப்பது சுலபமாக இருந்தது. இப்போது அதற்கும் வழியில்லை.

நவம்பர் பாதியில் லொரெட்டா வேலைக்குத் திரும்பினாள். சனிக்கிழமை. பக்கத்து வீட்டம்மா கோல்பியோடு இருந்தாள். ஜன்னலோர மேசையில் அதே மூன்று பேர்.

"பீரங்கி பீரங்கின்ன. ஒன் ஜேஸ் நேத்து ரெண்டு பந்த எதிராளிக்கில்ல பரிசாக் குடுத்தான்," என்று டாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சோம்ல?"

"அவனாலயா ஜெயிச்சோம்? அவன் இருந்தும் ஜெயிச்சோம்."

"கோச் மச்சான் மகன் ஒருத்தன் இருக்கானே, ஒல்லியா," என்றார் ஸ்கிப். "அவன ஒரு தடவ..."

லொரெட்டாவைப் பார்த்ததும் மூன்று பேரும் வாயை மூடினார்கள். டாம் தொப்பியைக் கழற்றினார். அவள் கூஜாவைச் சாய்த்தாள். வெர்ன் பக்கத்தில் வைத்திருந்த ஒரு தாள் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"செவ்வாய்க்கிழம பள்ளி நிர்வாகக் கூட்டம்மா. அந்தக் கெல்சிப் பொண்ணு விஷயம். தலையில அடிபட்ட பையன டெஸ்டு பண்ணேன், பாஸ் பண்ணிட்டான்னு சொல்றா. படத்துல பழைய ரத்தம் இருக்கு. என்னத்தப் பாத்தா இவ? இருநூத்திப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டாச்சு. வேலையவிட்டு அனுப்பியே ஆகணும், அந்த சர்ட்டிபிகேட்டயும் புடுங்கணும். ஒன் கையெழுத்து மொதல்ல இருக்கணும்னு மேல எடம் விட்டிருக்கோம்."

முதல் வரி காலியாக இருந்தது. அதற்குக் கீழே வெர்ன், டாம், ஸ்கிப். அப்புறம் கோச். அப்புறம் எதிர்வீட்டுக்காரர்கள்.

லொரெட்டா கூஜாவை மேசைமேலேயே வைத்தாள். ஆறு வாரமாக உள்ளே பூட்டி வைத்திருந்தாள். இதற்குமேல் முடியாது.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் கேட்டா," என்றாள். "வார்த்தைங்கள நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

மூன்று பேரும் பார்த்தார்கள்.

"சனிக்கெழம வாந்தி எடுத்தான். ஒரே கேள்விய ரெண்டு தடவ கேட்டான். எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம பூரா ஒக்கார வெச்சு மூணு தாளையும் மனப்பாடம் பண்ண வெச்சேன். அவ போன் பண்ணிக் கேட்டா, ஒண்ணுமில்லேன்னேன். டாக்டரும் கேட்டாரு. ஒண்ணுமில்லேன்னேன்."

இனி என்ன வரும் என்று அவள் காத்திருந்தாள். டாமின் தேள் வரட்டும், வெர்ன் எழுந்து கன்னத்தில் அறையட்டும், நீயெல்லாம் ஒரு தாயா என்று டைனர் முழுக்கக் கேட்கும்படி கேட்கட்டும். யாராவது கேட்டால்தான் தன்னால் மூச்சு விட முடியும் என்று இருந்தது.

டாம் கரண்டியால் காபியைக் கலக்கினார். ஸ்கிப்தான் முதலில் பேசினார்.

"எழுபத்தொன்பதுல எனக்கு ரெண்டு விலா முறிஞ்சிருச்சு. எங்கம்மா போர்வையக் கிழிச்சு இறுக்கிக் கட்டி அனுப்புனா. அரையிறுதி ஆச்சே."

"எம்பெரியவனுக்கு முட்டியில ஊசி போட்டு எறக்குனேன்," என்றார் டாம். "அவன் அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

வெர்ன் குரலைத் தாழ்த்தினார். "வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. சொல்லாத. இந்த மேசைய விட்டுத் தாண்டக் கூடாது." அவள் முழங்கையை லேசாகத் தொட்டார். "இங்க ஒக்காந்திருக்கறவங்கள்ல எவன் ஒன் எடத்துல இருந்தாலும் இதத்தாம்மா செஞ்சிருப்பான். ஒக்காரு."

காலால் ஒரு நாற்காலியை இழுத்து விட்டார். வேலைநேரத்தில் உட்காரக் கூடாது. ஆனாலும் உட்கார்ந்தாள். டாம் கவிழ்த்து வைத்திருந்த ஒரு கோப்பையை நிமிர்த்தி, அவள் கொண்டுவந்த கூஜாவிலிருந்து அவளுக்கே காபி ஊற்றினார். பத்தொன்பது வருடத்தில் அந்த மேசைக்காரர்கள் யாரும் அவளுக்கு ஊற்றியதில்லை.

"அந்தப் பொண்ணு?" என்றாள்.

"சின்னப் பொண்ணு. கல்யாணம்கூட ஆகல. எங்கயாச்சும் வேற வேல பாத்துக்குவா," என்றார் வெர்ன். "நீ இங்கதான இருக்கணும். கோல்பியும் இங்கதான இருக்கணும். விஷயம் வெளிய வந்தா நாளைக்கு ஒன் வாசல்ல யாரு எட்டிப் பாப்பா? புதன்கெழம நான் வண்டி எடுத்தா ஊர் என்ன பேசும்? யோசிச்சுப் பாரு."

அவர் மிரட்டவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எழுந்து போய்விடு, செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் போய் உள்ளதைச் சொல் என்று ஒரு புத்தி சொன்னது. வாசலில் மூடிபோட்ட பாத்திரங்களை இன்னொரு புத்தி எண்ணிக்கொண்டிருந்தது. இருட்டறையில் கிடக்கும் மகனோடு தன்னந்தனியாக இருக்கப்போகும் குளிர்காலத்தை நினைத்தாள். பயந்தாள்.

பேச்சை மாற்றத்தான் ஸ்கிப் கேட்டிருக்க வேண்டும். "நேத்து ஆட்டத்த நீ வீடியோவுல பாத்தியாம்மா? ஜேஸ் ஏன் இப்பிடித் தடுமாறுறான்? எனக்கே புரியல."

யாரும் அவளிடம் இதுவரை இதைக் கேட்டதில்லை. லொரெட்டா காபியை ஒரு வாய் குடித்தாள்.

"பந்து புடிக்க ஓடுறவங்கள்ல மொத ஆளயே பாத்துட்டு வீசறான்," என்றாள். "ரெண்டாவது ஆள தேடறதே இல்ல. எதிராளி அவன் கண்ணப் பாத்தே ஓடி வந்துர்றான்."

"அட," என்றார் டாம்.

"எங்க, காட்டு," என்றார் வெர்ன். தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தி, சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தார்.

அவள் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு, ஆட்கள் நிற்கிற இடத்தையும் ஓடுகிற வழியையும் வரைந்தாள். மூன்று தலைகளும் அவள் கைமேல் குனிந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஒல்லிப் பையனை இறக்கலாமா என்று வெர்ன் கேட்டார். வேண்டாம், அவனுக்குக் கையில் வலு இல்லை, ஜேஸையே திருத்தலாம் என்று அவள் சொன்னாள். சரியான பேச்சு என்று டாம் தலையாட்டினார். நன்றாக இருந்தது. வெட்கம் கெட்டுப்போய் அவளுக்கு நன்றாகவே இருந்தது.

வரைந்து முடித்தபோது வெர்ன் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாள் கட்டை மறுபடியும் அவள் முன்னால் நகர்த்தினார். பேனா கையிலேயே இருந்தது. மேலே விட்டிருந்த வரியில் லொரெட்டா கோவாச் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மேசைக்குக் காபி ஊற்ற எழுந்தாள்.